பழைய அடுக்குமாடியில் டிவி கேபிள் வழியே இணையம்: எந்தக் கருவி கட்டுப்படியாகும்?

சென்னையில் கே.கே. நகர், நங்கநல்லூர், மேற்கு மாம்பலம் பக்கம் இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஃபைபர் தெருமுனை வரைக்கும், பல இடங்களில் கீழே மீட்டர் பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குள் கொண்டுபோகத்தான் வழியில்லை. சுவருக்குள் புதைத்த பிவிசி பைப்பில் டிவி கேபிளும் பழைய டெலிபோன் ஒயரும் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வெளிச்சுவரில் ஒயர் தொங்கக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டிருக்கும். ஹாலில் டைல்ஸும் பெயின்ட்டும் புதுசு, துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். கடைசியில் எல்லோரும் கேபிள்காரரிடம் கேட்பது இதுதான்: இருக்கிற டிவி கேபிளிலேயே நெட் விட முடியாதா?

முடியும். அதற்கு நாலைந்து வகைக் கருவிகள் இருக்கின்றன. விலையிலும் வேகத்திலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபரை வீட்டுக்குள் இழுக்க ஒரு சின்ன வாய்ப்பு இருந்தாலும் ஃபைபரையே இழுங்கள். அது நடக்கவே நடக்காது என்று உறுதியான பிறகுதான் கோஆக்சியல் கேபிளுக்கான, அதாவது டிவி கேபிளுக்கான, கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் கருவியைத் தீர்மானிப்பது சுவருக்குள் இருக்கும் கேபிள்தான். விலைப்பட்டியலைப் பார்த்துக் கருவியை வாங்கிவிட்டு, பிறகு கேபிளைப் பார்க்கப் போனால் பணம் வீணாகும்.

முதலில் கேபிளை இழுத்துப் பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஆள் இரண்டு பேர் போதும். ஹாலில் டிவி பாயின்ட் தகட்டைக் கழற்றுங்கள். வராந்தாவில் இருக்கும் பெட்டியில் அதே கேபிளின் மறுமுனையைக் கண்டுபிடித்து ஸ்ப்ளிட்டரிலிருந்து கழற்றுங்கள். ஒருவர் இந்தப் பக்கம் மெதுவாக இழுக்க, மற்றவர் அந்தப் பக்கம் பார்க்கட்டும். கேபிள் இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் நல்ல செய்தி. பைப் அடைபடவில்லை என்று அர்த்தம். பழைய கேபிளின் முனையில் வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் டிராப் கேபிளையும் ஆர்ஜி-6 வகைப் புது டிவி கேபிளையும் சேர்த்துக் கட்டி, மறுபக்கம் இழுத்தால் இரண்டும் வந்துவிடும். முனையை இன்சுலேஷன் டேப்பால் மெலிதாக, வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். முடிச்சு தடிமனாக இருந்தால் பைப்பின் வளைவில் மாட்டிக்கொள்ளும். ஜி.657 வகை ஃபைபர் வளைவைத் தாங்கும் என்பதால் வீட்டுக்குள் வேலை செய்யச் சிரமமில்லை.

நகரவே இல்லையா? பைப் நசுங்கியிருக்கலாம், சிமென்ட் இறங்கியிருக்கலாம், அல்லது வழியில் யாரோ ஒரு ஜாயின்ட் போட்டு மூடியிருக்கலாம். முரட்டுத்தனமாக இழுத்தால் இருக்கிற டிவியும் போய்விடும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையை எல்லா வீட்டிலும் செய்ய வேண்டும். ஒரு பிளாக்கில் எட்டு வீட்டில் நகர்ந்து நாலு வீட்டில் நகராவிட்டால், அந்த நாலு வீட்டுக்கு மட்டும் கோஆக்சியல் வழி தேடினால் போதும். கட்டடம் முழுவதற்கும் ஒரே முறைதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்து மொட்டை மாடிக்குப் போங்கள். ஒருகாலத்தில் வீட்டுக்கு ஒன்றாக வைத்த டிடிஎச் தட்டுகளில் பாதி இப்போது சும்மா நிற்கும். அவற்றிலிருந்து இறங்கும் ஆர்ஜி-6 கேபிள், பெரும்பாலும் நடுவில் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேராக ஒரே வீட்டுக்குப் போகும். கேபிள்காரரின் ஒயரைவிட இது பல மடங்கு சுத்தமான பாதை. வெயிலில் மேல் உறை வெடித்திருக்கிறதா, முனையில் செம்பு பச்சை பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும் டிடிஎச் கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் தெரியாமல் வேறு கருவியை மாட்டினால் போர்ட் கருகக்கூடும்.

இழப்புக் கணக்கு

கருவிகளை ஒப்பிடும் முன் ஒரு சின்னக் கணக்கு. வழியில் சிக்னல் எவ்வளவு பலம் இழக்கிறது என்பதை டெசிபலில் சொல்வார்கள். ஆர்ஜி-6 கேபிளில் 100 மீட்டருக்கு 55 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும், 1000 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபலுக்கு மேல் குறையும். அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் 4 டெசிபல் வரை எடுத்துக்கொள்ளும், நாலு வழி ஸ்ப்ளிட்டர் 7 முதல் 8.

மூன்றாவது மாடி வீட்டுக்கு 40 மீட்டர் கேபிள், நடுவில் ஒரு நாலு வழி, ஒரு இரண்டு வழி என்று வையுங்கள். தாழ்ந்த அலைவரிசையில் வேலை செய்யும் கருவிக்குக் கேபிளில் 2, ஸ்ப்ளிட்டர்களில் 12, ஆக 14 டெசிபல்தான் இழப்பு. 1400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கருவிக்குக் கேபிளிலேயே 10 போய்விடும். ஸ்ப்ளிட்டர் எவ்வளவு தின்னும் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் நம் ஊர்க் கட்டடங்களில் மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட்டர்களில் பெரும்பாலும் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்றுதான் அச்சடித்திருக்கும். ஆகவே ஸ்ப்ளிட்டரைத் திருப்பி அந்த எண்ணைப் படியுங்கள். எந்தக் கருவி பொருந்தாது என்று அதுவே பாதி சொல்லிவிடும்.

கட்டடத்து ஆம்ப்ளிஃபயரையும் பார்க்க வேண்டும். டிவிக்காக மட்டும் போட்ட ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து கீழே வரும் சிக்னலைத்தான் விடும். வீட்டிலிருந்து திரும்பிப் போகும் சிக்னலுக்கு அதில் வழி இருக்காது. இணையமோ இரண்டு திசையிலும் ஓட வேண்டும்.

இஓசி: மலிவு, ஆனால் வரம்பு உண்டு

ஈதர்நெட் ஓவர் கோஆக்ஸ், சுருக்கமாக இஓசி. மின்சார ஒயரில் டேட்டா அனுப்பும் ஹோம்பிளக் ஏவி தொழில்நுட்பத்தையே கோஆக்சியல் கேபிளுக்கு மாற்றிக் கொண்டுவந்தது. சீனாவின் கேபிள் டிவி நிறுவனங்கள் இதை ஏராளமாகப் போட்டன, அதனால்தான் விலை இறங்கியது. கட்டடத்தில் ஒரு மாஸ்டர், வீட்டுக்கு ஒரு ஸ்லேவ் பெட்டி, அவ்வளவுதான். சுமார் 7.5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசையில் ஓடுவதால் இழப்பு குறைவு, பழைய ஸ்ப்ளிட்டரையும் சகித்துக்கொள்ளும். மாஸ்டரை ஆம்ப்ளிஃபயருக்கு அப்புறம் மிக்ஸர் (டிவி சிக்னலையும் டேட்டாவையும் ஒரே கேபிளில் சேர்க்கும் சின்னக் கருவி) வைத்துக் கேபிளில் இணைப்பதால் திரும்பும் வழிச் சிக்கலும் இல்லை.

பெட்டியில் 500 அல்லது 700 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது கேபிளில் ஓடும் மொத்தக் கச்சா வேகம். கையில் கிடைப்பது அதில் பாதி அளவுதான், அதையும் பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டுக்கும் பிரித்து எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஐபிஎல் நடக்கும் இரவில் முப்பது வீடு, வீட்டுக்கு இரண்டு எச்டி ஸ்ட்ரீம், ஒவ்வொன்றும் 8 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 480 எம்பிபிஎஸ் வேண்டும். ஒரு மாஸ்டரால் அதைத் தாங்க முடியாது. பத்து, பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மாஸ்டர் என்று பிரித்தால் சமாளிக்கலாம், ஆனால் அப்போது மாஸ்டர் செலவு கூடிவிடும்.

இன்னொன்று, 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை பழைய டிவி சேனல்களின் இடம். உங்கள் கேபிள்காரர் அங்கே இன்னும் ஏதாவது அனுப்புகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹாஸ்டல், லாட்ஜ், வாடகைச் சிறு வீடுகள் போன்ற இடங்களுக்கு இஓசியைத் தயங்காமல் சொல்வேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நிறைந்த குடியிருப்புக்குச் சொல்லமாட்டேன்.

டாக்சிஸ்: பெரிய கட்டடத்துக்கு, நல்ல டெக்னீஷியனோடு

கேபிள் இணையம் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது, டிவி கேபிளில் டேட்டா அனுப்புவதற்கான டாக்சிஸ் என்ற தரமுறைதான். 1997-இல் முதல் பதிப்பு வந்தது, 2006-இல் 3.0, 2013-இல் 3.1. இந்தியாவில் ஹாத்வே போன்றவர்கள் டாக்சிஸ் 3.0-ஐ வைத்துத்தான் நகரங்களில் 50 எம்பிபிஎஸ் திட்டங்களை விற்றார்கள். முன்பு இதற்குக் கேபிள் நிறுவனத்தின் தலைமை நிலையமான ஹெட்எண்டில், எல்லா மோடத்தோடும் பேசும் சிஎம்டிஎஸ் என்ற அலமாரி அளவு கருவி வேண்டும். இப்போது மினி சிஎம்டிஎஸ் என்ற பெட்டியைக் கட்டடத்திலேயே வைத்து, கீழே வரும் ஃபைபரை அதில் சொருகிவிடலாம்.

டாக்சிஸின் ஐரோப்பிய வகையான யூரோ டாக்சிஸில் 8 மெகாஹெர்ட்ஸ் அகல சேனல் ஒன்றில் சுமார் 50 எம்பிபிஎஸ் கிடைக்கும். 16 சேனல் கொண்ட பெட்டியில் 800 எம்பிபிஎஸ். மேலே சொன்ன ஐபிஎல் இரவை இது தாங்கும். டிவியோடு ஒரே கேபிளில் ஓடுவதற்கென்றே உருவானது என்பதால் டிவிக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் 16 சேனலுக்கு 128 மெகாஹெர்ட்ஸ் காலியிடம் வேண்டும், அதைக் கேபிள்காரர்தான் ஒதுக்கித் தர வேண்டும்.

இதன் பலவீனம் திரும்பும் பாதை. வீடுகளிலிருந்து வரும் சிக்னல் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸில் மேலேறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தளர்ந்துபோன கேபிள் பின் (எஃப் கனெக்டர்), ஷீல்டு போன கேபிள், மூடாத சுவர் பாயின்ட் வழியாக மிக்ஸி, டிரில்லிங் மெஷின், இன்வெர்ட்டர் இரைச்சலெல்லாம் அதே அலைவரிசையில் உள்ளே நுழையும். எல்லா வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் சேருவதுபோல அத்தனை இரைச்சலும் சிஎம்டிஎஸ் வாயிலில் வந்து சேரும். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் கேபிள் பின் கழன்றிருந்தால் பிளாக் முழுக்க ஜூம் கால் அறுந்து அறுந்து வரும். அதனால் டாக்சிஸ் போடுவதென்றால் எல்லா எஃப் கனெக்டரையும் மாற்ற வேண்டும். கையால் நசுக்கிய பின்களைத் தூக்கிப்போட்டு கம்ப்ரஷன் வகையைப் போடுங்கள். பயன்படுத்தாத முனைக்கெல்லாம் 75 ஓம் டெர்மினேட்டர் மாட்டுங்கள். மோடத்துக்கு வரும் சிக்னல் 60 டிபி மைக்ரோவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இதை மீட்டர் வைத்துப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் டாக்சிஸ் வேண்டாம்.

மலிவு என்று இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, பழைய சிஎம்டிஎஸ். சிஸ்கோவின் யூபிஆர்7246விஎக்ஸ்ஆர் போன்ற ஓய்வுபெற்ற பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். அதில் வழக்கமாக வரும் டாக்சிஸ் 2.0 அட்டைக்கு இரண்டு இறங்கு சேனல்தான், அதாவது ஒரு அட்டை போட்டால் மொத்தக் கட்டடத்துக்கும் 100 எம்பிபிஎஸ். இன்றைக்கு ஒரு வீட்டுத் திட்டமே அந்த அளவு. இரண்டாவது, அமெரிக்காவில் கழித்துக்கட்டிய மோடம். அங்கே சேனல் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், திரும்பும் பாதை 42 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். யூரோ முறையில் அமைத்த பெட்டியோடு அது ஒத்துப்போகாது. பழைய நிறுவனத்தின் மென்பொருள் பூட்டு வேறு இருக்கும். நூறு மோடம் மொத்தமாக மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

ஜி.எச்.என்: டிடிஎச் கேபிளுக்கு ஏற்றது

எனக்குப் பிடித்த வழி இது. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ தரப்படுத்திய, வீட்டு ஒயர்களில் டேட்டா அனுப்பும் ஜி.எச்.என், கோஆக்சியல் கேபிளில் 2 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். கனடாவின் பாசிட்ரான் போன்ற நிறுவனங்கள் இதில் அடுக்குமாடிக்கென்றே பல போர்ட் கொண்ட பெட்டி செய்கின்றன. ஒரு போர்ட்டில் 16 வீடு வரை சேர்க்கலாம், ஒவ்வொரு போர்ட்டிலும் இரண்டு திசைக்கும் சேர்த்து 1.7 ஜிகாபிட் அளவு கச்சா வேகம். இஓசி போலவே தாழ்ந்த அலைவரிசை என்பதால் இழப்பு குறைவு, வேகம் மட்டும் பல மடங்கு.

கேபிள் டிவியோடு சேர்த்து விடுவதில்தான் இடிக்கும், ஏனென்றால் 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே டிவி சேனல்களும் இருக்கும். டிடிஎச் அப்படியில்லை. தட்டிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ், இரண்டும் முட்டிக்கொள்ளாது. ஃபைபரை மொட்டை மாடி வரை ஏற்றி, அங்கே ஜி.எச்.என் பெட்டியை வைத்து, இரண்டு அலைவரிசையையும் ஒரே கேபிளில் சேர்த்துப் பிரிக்கும் டிப்ளெக்ஸர் மூலம் டிடிஎச் கேபிளிலேயே இறக்கிவிடலாம். சந்தாவை நிறுத்திவிட்ட வீடுகளில் டிப்ளெக்ஸர்கூட வேண்டாம். வீட்டுப் பெட்டி இஓசி ஸ்லேவைவிட விலை அதிகம் என்பதுதான் தயக்கம். சில வீடுகளுக்கு மட்டும் என்றால் அது பெரிய சுமையில்லை.

மொட்டை மாடியில் வைப்பதை மழை நனைக்காத பெட்டிக்குள் வையுங்கள், கட்டாயம் எர்த் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு உலோகக் கேபிள் வழியே வரும் மின்சாரம் ஒரே இரவில் எல்லா போர்ட்டையும் தீர்த்துவிடும். ஃபைபருக்கு இந்தப் பயம் இல்லை.

மோகா

மோகா என்பது கோஆக்சியலில் டேட்டா அனுப்பும் இன்னொரு தரமுறை. மோகா 2.5 அடாப்டர் ஒரு ஜோடி, கோஆக்சியலில் 2.5 ஜிகாபிட் வரை தரும். ஆனால் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த அலைவரிசை. பழைய ஸ்ப்ளிட்டர் தாங்காது, ஓடிக்கொண்டிருக்கும் டிடிஎச்சோடு நேரடியாக மோதும். கட்டடம் முழுக்கப் போடுவதற்கான மோகா ஆக்சஸ் என்ற வகையும் உண்டு, ஒரு கன்ட்ரோலருக்கு 63 மோடம் வரை. விற்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு என்பதால் பழுது வந்தால் மாற்றுப் பெட்டிக்குக் காத்திருக்க நேரும். ஒரே வீட்டுக்குள், ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து வைஃபை எட்டாத படுக்கையறைக்குக் கொண்டுபோக மோகா அருமையான கருவி. அங்கே மட்டும் வையுங்கள், பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்.

ஃபைபர் வந்தால் எப்படி இருக்கும்

ஒப்பீட்டுக்கு ஜிபான், அதாவது ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. ஒரு போர்ட்டில் 2.488 ஜிகாபிட் இறங்கும், 1.244 ஏறும், 64 வீடு வரை பிரிக்கலாம். நடுவில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லை. வீட்டில் ஃபைபர் முடியும் இடத்தில் வைக்கும் பெட்டியான ஓஎன்யூ எல்லா ஊரிலும் கிடைக்கிறது, போட்டியில் விலையும் இறங்கிவிட்டது. 1550 நானோமீட்டர் ஒளியில் டிவியையும் அதே ஃபைபரில் அனுப்பி, டிவி போர்ட் உள்ள ஓஎன்யூ வழியே செட்டாப் பாக்ஸுக்குக் கொடுக்கலாம். கேபிள்காரருக்கு ஆம்ப்ளிஃபயர் பராமரிப்பே ஒழிந்துவிடும். கேபிள் நகர்ந்தால் இதுதான் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இவ்வளவும்.

வீட்டுக்கு எவ்வளவு?

விற்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குப் பொதுவாக வைக்கும் தலைமைப் பெட்டியின் விலையைத்தான் பேசுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு வீட்டுக்கு ஆகும் மொத்தம். கணக்குப் போடும் முறை தெரிவதற்காக இரண்டு கற்பனை விலையை எடுத்துக்கொள்வோம். 48 வீடு உள்ள குடியிருப்பு. முதல் வழியில் தலைமைப் பெட்டி 1,20,000 ரூபாய், வீட்டுப் பெட்டி 4,000. இரண்டாவது வழியில் 40,000, வீட்டுப் பெட்டி 6,000. முப்பது வீடு சேர்ந்தால் முதல் வழிக்கு வீட்டுக்கு 8,000, இரண்டாவதற்கு 7,333. பன்னிரண்டு வீடுதான் சேர்ந்தது என்றால் 14,000, 9,333. நாற்பது வீட்டைத் தாண்டினால்தான் முதல் வழி மலிவாகிறது. ஆக, எத்தனை வீடு சேரும் என்று தெரியாமல் எது மலிவு என்று பேசுவதில் அர்த்தமில்லை. வீடு வீடாகப் போய் முன்பணம் கொடுப்பவர்களை மட்டும் எண்ணுங்கள்.

அதோடு மிக்ஸர், ஃபில்டர், புது ஸ்ப்ளிட்டர், பின், எர்த் வேலை, யூபிஎஸ் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்கட்டணமும் உண்டு. 10 வாட் பெட்டி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 14 யூனிட் கூடும். வீட்டுப் பெட்டிக்கு அந்தந்த வீட்டுக்காரர் கட்டிவிடுவார். மாடிப்படியில் இருக்கும் மாஸ்டருக்குப் பொது மீட்டரில் யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டப் பக்கம் ஒன்றையும் விட்டுவிட முடியாது. அசோசியேஷன் ஒரு இணைப்பை வாங்கி வீடுகளுக்கு விற்க முடியாது. உரிமம் பெற்ற இணைய நிறுவனமோ, அதோடு ஒப்பந்தம் உள்ள கேபிள்காரரோதான் சேவை தர வேண்டும். 2021 ஜூன் 15 முதல் உரிமதாரர்கள் தங்கள் வலைப்பின்னலில் சேர்க்கும் கருவி, அரசு நம்பகமானது என ஏற்ற மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். பல வகைக் கருவிகளுக்கு, மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டிஇசியின் சான்றும் கட்டாயம். இணையதளத்தில் மலிவாகத் தெரியும் பெயர் தெரியாத இஓசி மாஸ்டரை உங்கள் கேபிள்காரர் வேண்டாம் என்றால் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இதுவாக இருக்கலாம்.

எதை முடிவு செய்தாலும், மொத்தமாக வாங்கும் முன் ஒரு தலைமைப் பெட்டியையும் இரண்டு வீட்டுப் பெட்டியையும் சோதனைக்குக் கேளுங்கள். விற்பவர் தரைத்தளத்தில், பெட்டிக்குப் பக்கத்து வீட்டில்தான் மாட்டிக் காட்டுவார். அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். மிக நீளமான கேபிளும் மிக அதிகமான ஸ்ப்ளிட்டரும் உள்ள வீட்டில் மாட்டச் சொல்லுங்கள். அதுவும் ஒரு மழை பெய்து முடிந்த இரவில், எட்டு மணி முதல் பத்து மணி வரை, பக்கத்து வீட்டிலும் டிவி ஓடும்போது வேகத்தையும் டிவி படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே நிற்கிற கருவிக்கு ஆர்டர் கொடுக்கலாம். பழுதானால் எத்தனை நாளில் மாற்றுப் பெட்டி வரும் என்பதையும், கூடுதலாக இரண்டு வீட்டுப் பெட்டி கையிருப்பில் வைப்பது யார் பொறுப்பு என்பதையும் அந்த ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.